வெள்ளைக்கல் காட்டிய வழி

அறிவியல் பிடிக்கும், ஆனால் அதில் எது என்று தெரியவில்லை என்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பிளஸ் ஒன் சேர்ந்தபோது என் நிலைமையும் அதுதான். வீட்டில் எந்நேரமும் நீட் பேச்சு.

எங்கள் சித்தப்பா சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்துக்கு லாரி ஓட்டினார். அவர் தந்த கட்டி ஒன்றைப் பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டோம். கல் அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த சுண்ணாம்புக்கல்லோ சொட்டு பட்டதும் நுரைத்துப் பொங்கியது. "இடிச்சுப் பொடியாக்கி, லேசா சூடு பண்ணிப் பாருப்பா" என்றார் வேதியியல் சார். சோதனைக்குழாயில் பொடியைப் போட்டுச் சூடாக்கியதும் அடியிலிருந்து சரம் சரமாகக் குமிழ்கள். இரண்டும் கார்பனேட்தான். அதில் கால்சியம், இதில் மெக்னீசியம்.

சரி, இவ்வளவு மெக்னீசியம் இங்கே எப்படி வந்தது? வேதியியல் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. சார்தான் நிலவியல் என்ற படிப்பைச் சொன்னார். பூமியின் ஆழத்தில் பிறந்த டியூனைட் என்ற பாறை மெக்னீசியம் நிறைந்தது. அதன் விரிசல்களில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் இறங்கி வினைபுரிய, நரம்பு நரம்பாக மேக்னசைட், அதாவது நம் வெள்ளைக்கல், படிந்திருக்கிறது. அதைச் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு சுமார் 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. எஃகு உலைகளுக்குள் பதிக்கும் செங்கல் அதில்தான் செய்கிறார்கள்.

அப்புறம் எந்தக் கல்லையும் சும்மா தாண்ட முடியவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் வெட்டிய பாறைச்சுவர் சார்னோகைட் என்ற பாறை வகை. 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தது கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து. அந்தக் கல்லோ சென்னைப் பக்கத்துப் பாறை! கஞ்சமலை அடிவார ஓடை மணலில் காந்தத்தை ஓட்டினால் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அது மேக்னடைட், இரும்புத்தாது. நீங்களும் செய்து பாருங்கள். வெள்ளைக்கல் குழிகளில் மட்டும் தனியாக இறங்க வேண்டாம், ஆபத்து.

பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் எந்தக் கேள்வியைத் தேடிப் போகிறீர்களோ, அந்தப் பாடத்தை நம்பிப் பிடிக்கலாம் என்பது என் அனுபவம்.

"கல்லைப் படிச்சு என்ன வேலை?" என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சேலம் அரசு கலைக் கல்லூரியிலேயே நிலவியல் இருக்கிறது. முதுகலை முடித்தால் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்துக்கு யுபிஎஸ்சி நடத்தும் தேர்வை எழுதலாம். இந்த விவரத்தோடு வீட்டில் பேச்சைத் தொடங்குங்கள்.