தூண்டிய செல்களில் இத்தனை டி-ரெக்கா? உதவி தேவை

முகில்: வணக்கம். டி-ரெக்கின் (நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் டி செல்) அடையாளப் புரதங்களான சிடி25, ஃபாக்ஸ்பி3 இரண்டுக்கும் சாயமிட்டு, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தேன். சிடி4 புரதம் கொண்ட டி செல்களில் பாதிக்கு மேல் ஃபாக்ஸ்பி3 தெரிகிறது. இவ்வளவு டி-ரெக் இருக்க வாய்ப்பில்லையே? விரைவில் முடிவைக் காட்டியாக வேண்டும்.

நுண்ணோக்கி: மனித செல்லா, எலியினுடையதா? இரத்தத்திலிருந்து பிரித்தவுடன் சாயமிட்டீர்களா, வளர்ப்பில் தூண்டிய பிறகா? இவை தெரியாமல் சொல்வதெல்லாம் ஊகமாகவே இருக்கும்.

தாழை: ஃபாக்ஸ்பி3-க்குப் பயன்படுத்திய எதிர்ப்பொருள் எந்த க்ளோன் (வகை) என்பதையும் சொல்லுங்கள். என் கணிப்பில் சிக்கல் அங்கேதான். க்ளோனுக்கு க்ளோன் எண்ணிக்கை மாறும்.

முகில்: மனித செல்கள். சிடி3, சிடி28 எதிர்ப்பொருள் பூசிய மணிகளால் தூண்டி மூன்றாம் நாள் எடுத்தவை. க்ளோன் பிசிஹெச்101.

மூத்தவன்: இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், அடிப்படைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோர் நேரமும் மிச்சமாகும். எலியில் ஃபாக்ஸ்பி3 நம்பத்தக்க அடையாளம், மனிதரில் அப்படியன்று. சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் சில நாட்கள் ஃபாக்ஸ்பி3-ஐ வெளிப்படுத்தும், அதன் சிடி25 உயரும், சிடி127 (டி-ரெக்கில் குறைவாக இருக்கும் மேற்பரப்புப் புரதம்) தாழும். ஆகையால் ஓய்வுநிலைச் செல்களிலிருந்து டி-ரெக்கைப் பிரிக்க 2006 முதல் பயன்பட்டுவரும் சிடி127 குறைவு என்ற அளவுகோலும் தூண்டலுக்குப் பின் கைகொடுக்காது. பிரித்தெடுத்த பின்தான் தூண்ட வேண்டும்.

தாழை: ஹீலியோஸ் என்ற புரதத்தையும் சேர்த்துச் சாயமிட்டால் தெளிவாகிவிடுமே.

நுண்ணோக்கி: அதில் எனக்கு உடன்பாடில்லை. தூண்டப்பட்ட சாதாரணச் செல்களிலும் ஹீலியோஸ் உயரக்கூடும். உண்மையான டி-ரெக் சிலவற்றில் அது இருப்பதேயில்லை.

தாழை: தனியாக நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஃபாக்ஸ்பி3-உடன் சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு என்பதே என் வாதம்.

நுண்ணோக்கி: அப்படியும் அது குறிப்புதான், தீர்ப்பன்று. முகில், சிடி25 எதிர்மறைச் (அது இல்லாத) செல்களைத் தனியே பிரித்து, அதே மணிகளால் அதே காலம் தூண்டி, அவற்றில் எவ்வளவு ஃபாக்ஸ்பி3 எழுகிறது என்று பாருங்கள். பிஎம்ஏ, அயனோமைசின் என்ற தூண்டும் வேதிப்பொருட்களைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதங்கள் இரண்டையும் அளந்தால், அவற்றைத் தாராளமாகச் சுரப்பவை பெரும்பாலும் தூண்டப்பட்ட சாதாரணச் செல்களே.

மூத்தவன்: உறுதியான விடை டிஎன்ஏவில் இருக்கிறது. ஃபாக்ஸ்பி3 மரபணுவின் டிஎஸ்டிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் நிலையான டி-ரெக்குக்கு மெத்தில் (டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதிக் குறி) நீங்கியிருக்கும். தற்காலிகமாக ஃபாக்ஸ்பி3 காட்டும் செல்லில் நீங்காது. கொடையாளர் பெண்ணாக இருந்தால் கவனம் தேவை: அம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாலும், முடக்கப்பட்ட எக்ஸில் மெத்தில் அப்படியே நிற்பதாலும், தூய டி-ரெக்கிலும் மெத்தில் நீங்கிய அளவு ஏறக்குறைய 50 சதவீதமே வரும், அதை இரட்டித்துக் கணக்கிட வேண்டும்.

முகில்: மிக்க நன்றி. கொடையாளர் பெண்தான். மீதிச் செல்களை டிஎன்ஏவுக்கு ஒதுக்கிவிட்டேன். சிடி25 எதிர்மறைக் கட்டுப்பாட்டையும் இன்றே தொடங்குகிறேன்.