1985 லெவினை டிரிஃப்டுக்கு இறக்கலாமா?

நாகோயாவாசி
நான்கு ஆண்டுகளாக நாகோயாவில் வேலை. போன மாதம் ஒரு பெரியவரிடமிருந்து 1985ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா லெவின் வாங்கினேன். மாடல் குறியீடு ஏஇ86. இங்கே 'ஹச்சி-ரோக்கு', அதாவது எட்டு-ஆறு, என்றால் சிறுவனுக்கும் தெரியும். முதல் உரிமையாளர் அவரே. சக்கர வளைவில் கொஞ்சம் துரு, மற்றபடி தொடாத வண்டி. பின்சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் டிஃபரன்ஷியலை வெல்டிங் செய்து டிரிஃப்ட், அதாவது வளைவில் வண்டியை வேண்டுமென்றே சறுக்கவிட்டு ஓட்டுவது, பழக ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார். உங்கள் கருத்து?

துருப்பகைவன்
நானும் அடித்துக்கொள்கிறேன். 1983இல் வந்து 1987இல் நின்றுபோன வண்டி அது. அந்தத் தலைமுறையில் கொரோலா செடான்கள் முன்சக்கர இயக்கத்துக்குப் போய்விட்டன. லெவினும் அதன் இரட்டை வண்டியான ட்ரூனோவும் மட்டும் பழைய பின்சக்கர அமைப்பில் தங்கின. 1987இல் அவையும் மாறிவிட்டன. நாற்பது வயதைத் தொட்ட, யாரும் கைவைக்காத வண்டி ஒன்று கையில் கிடைத்தால் அதில் வெல்டிங் கம்பியை வைப்பீர்களா?

பின்சக்கரம்
ஐயா, அந்த வண்டிக்கு இந்த மவுசு எப்படி வந்தது? ஷோரூமில் நின்றா? பந்தய ஓட்டுநர் சுச்சியா கெயிச்சி அதை மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஓட்டிய வீடியோ 1987இல் வந்தது. 1995இல் தொடங்கிய ஒரு காமிக்ஸ் தொடரில் டோஃபு கடைப் பையன் ஓட்டினான். அதற்குப் பிறகுதான் விலை ஏறியது. டிரிஃப்ட் இல்லையென்றால் அது இன்னொரு பழைய கொரோலா, அவ்வளவுதான். 940 கிலோ எடை, 130 குதிரைத்திறன். இவ்வளவு குறைந்த சக்தியில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் பின்பக்கம் வழுக்காது. பிரேக்கால் எடையை முன்னால் தள்ளி, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, வேகத்தைக் கரையவிடாமல் வளைவுக்குள் எறிய வேண்டும். ஆயிரம் குதிரைத்திறன் போட்டி வண்டியில் கற்க முடியாத பாடம் இது.

துருப்பகைவன்
சுச்சியாவுக்கே வழிகாட்டி தகாஹாஷி குனிமிட்சு. 1961இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரியில் வென்ற முதல் ஜப்பானியர். கார் பந்தயத்துக்கு வந்த பிறகு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரை வளைவின் உள்விளிம்பைத் தொடும் உச்சிப் புள்ளிக்கு முன்பே சறுக்கவிட்டு, அதிக வேகத்தில் வெளியேறினார். அன்றைய டயர்களுக்கு அது உதவியது, ஜெயிப்பதற்காகச் சறுக்கினார். இன்றைய பிடிப்புள்ள டயரில் சறுக்குகிறவன் மெதுவாகத்தான் போகிறான். புகைக்காகவும் டிரிஃப்ட் போட்டி நடுவர் தரும் மதிப்பெண்ணுக்காகவும் ஒரு பழைய வண்டியைத் தேய்ப்பதற்கு அவர் பெயரை இழுக்காதீர்கள்.

பின்சக்கரம்
இழுத்தது நீங்கள். நான் அவர் பெயரையே எடுக்கவில்லை.

வழிப்போக்கன்
டயர் செலவுக்கு யார் பணம் கொடுப்பது என்று யாருமே கேட்கவில்லையே!

பட்டறைக்காரன்
இருவருமே டிஃபரன்ஷியலை விட்டுவிட்டு வரலாற்றில் சண்டை போடுகிறீர்கள். டிரிஃப்ட் வேறு, வெல்டிங் வேறு. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், அதற்குத்தான் டிஃபரன்ஷியல். உள்ளே பற்றவைத்துவிட்டால் இரு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். சறுக்கும்போது சுகம். கடைக்குப் போய் வண்டியை நிறுத்தும்போது டயர் தரையைச் சுரண்டிக் கிறீச்சிடும், ஆக்ஸில்கள் முறுக்கேறும். மலிவு என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. பணம் சேர்த்து ஒரு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் வாங்குங்கள்; அது சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும், ஆனால் முழுதாகப் பூட்டாது. பழையதைக் கழற்றி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். சஸ்பென்ஷனையும் சீட்டையும் மாற்றினாலும் பழையதை இப்படியே எடுத்து வையுங்கள். என் கணக்கு இதுதான்: ஸ்பேனரால் செய்வதை ஸ்பேனரால் திருப்பலாம்; கிரைண்டரால் செய்வதைத் திருப்ப முடியாது. உதிரிக்கும் வழி இருக்கிறது. ஏஇ86க்குப் பின் பிரேக் காலிப்பரும் ஸ்டீயரிங் நக்கிள் ஆர்மும் மறுபடி தயாரிப்பதாக டொயோட்டாவே 2021இல் அறிவித்தது.

இன்னொன்று. 'தொடாத வண்டி' என்று விற்பவர் சொன்னால் நான் காந்தத்தைத்தான் நம்புவேன். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின்பக்கத் தகடு முழுவதும் நகர்த்திப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், அடிபட்ட இடத்தை நிரப்பிய பட்டியில் ஒட்டாது.

துருப்பகைவன்
ஸ்பேனர் வாதம் நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவருக்கு ஸ்பேனர், கிரைண்டர் வித்தியாசம் தெரியாது. ஃபுகுஷிமாவின் எபிசு மைதானத்தில் வண்டிகள் மேட்டில் எகிறிக் குதித்துச் சறுக்கும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே ஒரு கணம் தப்பினால் பின்பக்கத் தகடு போயிற்று. அதையும் பரணிலிருந்தா எடுப்பார்? நிசான் சில்வியா கார்களுக்கு நடந்ததை மறந்துவிட்டீர்களா? மலிவாகக் கிடைக்கிறது என்று எஸ்13 சில்வியாவை அடித்து நொறுக்கியவர்கள்தான் இன்று நேரான பாடி தேடி அலைகிறார்கள். விலை ஏறியதும் அதற்கு 'டிரிஃப்ட் வரி' என்று பெயர் வைத்துப் புலம்பல் வேறு.

பின்சக்கரம்
அதனால்தான் பெரிய ஈர மைதானத்தில், சுவரே இல்லாத இடத்தில் தொடங்கச் சொல்கிறேன். ஈரத்தரையில் குறைந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கும், டயரும் தேயாது. வழிப்போக்கன் கவனிக்க.

நாகோயாவாசி
காந்தம் வைத்துப் பார்த்தேன். இடது பின்பக்கத்தில், சக்கர வளைவுக்கு மேல் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டவே இல்லை. உள்ளே முழுக்கப் பட்டி. பெரியவருக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரித்துவிட்டார். 1988இல் ஒரு மழை இரவு, மலைப்பாதை, தடுப்புக் கம்பி. மனைவிக்கு இன்றுவரை தெரியாதாம்.

துருப்பகைவன்
பட்டிக்கு அடியில் துரு இருக்கும். டிஃபரன்ஷியல் கிடக்கட்டும், முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள். படம் போடுங்கள்.