பழைய வீட்டுக்கு த்ரீ பேஸ், புது டிபி பெட்டி: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

காவிரிக்கரை

அப்பா 1974-ல கட்டின வீடு. மீட்டர் பக்கத்துல மரப்பலகை, அதுல இரும்பு மெயின் சுவிட்ச், கீழ ரெண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டை. ரெண்டாவது ஏசி வாங்கினதும் சிங்கிள் பேஸ் தாங்கலை, த்ரீ பேஸுக்கு எழுதிக் கொடுத்தோம், வந்துடுச்சு. அது கதை இல்ல. ஆள் வர்றதுக்கு முந்தின ராத்திரிதான் கதை.

வீடு முழுக்க கரண்ட் போச்சு. தெருவுல மத்த வீடெல்லாம் எரியுது. சரி ஃபியூஸ்னு நினைச்சு ஹால் ப்ளக்ல டெஸ்டரை வெச்சேன், எரிஞ்சுது. பக்கத்து ஓட்டையில வெச்சேன். அதுலயும் எரிஞ்சுது! ரெண்டுலயும் டெஸ்டர் எரியுது, வீட்டுல ஒரு பல்பு எரியல. டெஸ்டர்தான் கெட்டுப்போச்சுன்னு தூக்கி வெச்சுட்டு, மர ஸ்டூல்ல ஏறி டியூப்லைட்டு ஸ்டார்ட்டரை நோண்டிட்டு இருந்தேன். சுவிட்சை ஆஃப் பண்ணக்கூட தோணலை.

காலையில எலக்ட்ரீஷியன் வந்து சொன்னார், போனது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், அந்தப் பக்கத்து ஃபியூஸாம். கரண்ட் உள்ள வர்ற பேஸ் உயிரோட இருக்கு, ஆன்ல கிடந்த ஃபேன், லைட் வழியா சுத்திக்கிட்டு நியூட்ரல் ஒயர்லயும் வந்து நின்னிருக்கு. பேஸ் பக்கத்துக் கட்டையை உருவிக் காட்டினார். ஃபியூஸ் ஒயரே இல்ல, ஒயரிங் கம்பியில மூணு இழையை முறுக்கிச் சொருகியிருந்துச்சு. அது எந்தக் காலத்துல உருகறது? அதான் நியூட்ரல் முந்திக்கிச்சு. அந்த முறுக்கு அப்பாவோடது. எதைக் கட்டினாலும் நுனியில ஒரு சின்ன கொக்கி மடிச்சு விடுவார்.

மாடிவீட்டம்மா

உங்களுக்கு மாத்தறதுக்கு முன்னாடி, எங்களுக்கு மாத்தினதுக்கு அப்புறம். புது டிபி, அதான் கரண்டை ரூம் ரூமா பிரிச்சு விடற பெட்டி, மாட்டி ரெண்டு வாரம்கூட ஆகல. சாயங்காலம் ஏழரை மணி, ஹால் லைட் திடீர்னு வெள்ளை வெளேர்னு எரியுது, ஃபேன் கழண்டு வந்துடும்போல சுத்துது. எங்க மாமியார் அண்ணாந்து பாத்துட்டு, "இன்னிக்கு வோல்டேஜ் நல்லா வருதே"ன்னாங்க.

அவங்க சொல்லி வாய் மூடல, டிவிக்குப் பின்னாடி பட்டுனு ஒரு சத்தம், கருகின வாடை. நான் சமையல்கட்டுக்கு ஓடினா அங்க லைட் அழுது வடியுது. ஒரே வீட்டுல ஒரு ரூம் பகல், ஒரு ரூம் அமாவாசை. டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை, ஃப்ரிட்ஜ் போர்டு எல்லாம் போச்சு. டிபிக்குள்ள மெயின் நியூட்ரல் ஸ்க்ரூவை மாட்டினவர் சரியா முறுக்கலையாம். ஒரே ஒரு ஸ்க்ரூ. இப்பவும் பல்பு கொஞ்சம் பளிச்சுனு எரிஞ்சா எனக்கு வயித்தைக் கலக்குது.

ரிட்டயர்டு ஒயர்மேன்

முதல் பதிவு போட்ட தம்பி, அப்பாவைக் குறை சொல்லாதீங்க. அன்னிக்கு வீட்டுக்கு நாலு குண்டு பல்பு, ரெண்டு ஃபேன், ஒரு ரேடியோ. அந்தக் கம்பி அதுக்குத் தாங்கும். நானே நூறு வீட்டுல அப்படிச் சொருகிட்டு வந்திருக்கேன்.

அம்மாவுக்கு: உங்க ஹால் ஒரு பேஸ்ல, சமையல்கட்டு இன்னொரு பேஸ்ல இருந்திருக்கும். ரெண்டு பேஸுக்கு நடுவுல 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா ஹாலும் சமையல்கட்டும் அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கும். லோடு அதிகமா இருக்கற பக்கம் வோல்டேஜ் இறங்கும், லோடு கம்மியா இருக்கற பக்கம் ஏறிடும். சமையல்கட்டுல அப்ப கிரைண்டரோ ஹீட்டரோ ஓடியிருக்கும், பாருங்க.

இனிமே மாத்தறவங்களுக்கு. பெட்டியை மட்டும் மாத்தி ஒயரை விட்டா வேஷ்டி பழசு, கரை புதுசு. ஏசிக்கு, கீசருக்கு, மோட்டருக்குத் தனித்தனி லைன் இழுங்க. ஏசி ஒரு பேஸ், கீசர் ஒரு பேஸ்னு பிரிச்சுப் போடுங்க, எல்லாத்தையும் ஒண்ணுல ஏத்தினா த்ரீ பேஸ் வாங்கியே பிரயோஜனம் இல்ல. பழைய அலுமினிய ஒயரோட செம்பு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுத்தாதீங்க, அந்த இடம் சூடேறிக் கருகும். எம்சிபி, அதான் லோடு ஏறினா தானா விழற சுவிட்ச், அடிக்கடி விழுதுன்னு 16-ஐக் கழட்டிட்டு 32 ஆம்பியர் போடுறாங்க பாருங்க, அது மகா தப்பு. உள்ள இருக்கறது மெல்லிசான ஒண்ணரை ஸ்கொயர் எம்எம் ஒயரா இருந்தா, எம்சிபி விழறதுக்கு முன்னாடி ஒயர் எரியும். எர்த் குழியில கோடைக்காலத்துல ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. ஸ்க்ரூ எல்லாத்தையும் வேலை முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு மறுபடி டைட் வைக்கச் சொல்லுங்க.

ஆர்சிசிபி, அதான் கரண்ட் கசிஞ்சா கட் பண்ற சுவிட்ச், அதைப் பத்தி யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். பழைய வீட்டுல அது சும்மா சும்மா விழும். எம்சிபி போதும்.

பாலக்கரை

ஐயா, மத்ததெல்லாம் சரி, கடைசி வரியை ஒத்துக்க முடியாது. எம்சிபிக்கு ஒயரைத்தான் காப்பாத்தத் தெரியும். ஆளுக்கு ஷாக் அடிச்சா அது வேடிக்கை பாக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா கட் பண்றது ஆர்சிசிபிதான். "சும்மா" விழாது.

எங்க வீட்டுலயும் இதேதான் சொன்னாங்க. தாத்தா ராத்திரி மாடிப்படி லைட்டைப் போட்டா வீடே இருட்டு. தினமும். இருட்டுல படியில நின்னுக்கிட்டு "நான் ஒண்ணும் பண்ணலடா"ன்னு கத்துவார். முதல்ல வந்தவர் ஆர்சிசிபியைக் கழட்டி நேரா இணைச்சுடலாம்னார். ரெண்டாவதா வந்தவர் கழட்டலை, அரை நாள் உக்காந்து தேடினார். படி லைட்டுக்குப் பேஸ் கீழ் போர்டுலேர்ந்து, நியூட்ரல் மாடி போர்டுலேர்ந்து. கட்டினப்பவே அப்படி. ஒரே மெயின் இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியல. கீழ ஒண்ணு, மாடிக்கு ஒண்ணுன்னு ஆர்சிசிபி போட்டதும், போன கரண்ட் அதே வழியில திரும்பி வரலைன்னு அது கட் பண்ணியிருக்கு. நியூட்ரலை மாத்திக் கொடுத்தார், அதோட சரி. தாத்தா மட்டும் அதுக்கப்புறமும் டார்ச்சோடதான் படி ஏறினார்.

ரிட்டயர்டு ஒயர்மேன்

அரை நாள் உக்காந்து தேட எத்தனை பேர் வருவான் தம்பி? அதைச் சொன்னேன்.

பாலக்கரை

தேடாதவனுக்கு எதுக்கு ஐயா கூலி?

சுன்னாகம்

சண்டை பிடிக்காதேங்கோ. எங்கட பக்கம் அதை ட்ரிப் சுவிட்ச் எண்டு சொல்லுவம். வெளிநாட்டில இருந்து வந்து அம்மம்மாவின்ர பழைய வீட்டைத் திருத்தினனாங்கள், புது வயரிங். மழை பெய்தா ட்ரிப் விழும், வெயில் எறிச்சா நிக்கும். மூண்டு பேர் வந்து பார்த்தும் பிடிபடேல்லை. கடைசியில முத்தத்து லைற்றைக் கழட்ட, ஹோல்டருக்குள்ள ஒரு பல்லி, காஞ்சு கருவாடாய். மழை ஈரம் பட்டால்தான் அது கரண்டைக் கடத்தியிருக்கு. மகள் அதைக் கறிவேப்பிலை மரத்தடியில தாட்டவள்.

மாடிவீட்டம்மா

ஒயர்மேன் ஐயா, கிரைண்டர்தான் ஓடிட்டு இருந்துச்சு. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அது கிடக்கட்டும், ஃப்ரிட்ஜ் போர்டு புதுசுதான் வாங்கணுமா, இல்ல ரிப்பேர் பண்ணிக் கொடுக்கற ஆள் யாராவது இருக்காங்களா?