மேசையோ ஸ்கிரீனோ: எங்கட டன்ஜன்ஸ் கூட்டத்தை ஒன்லைனுக்கு மாத்துறது பற்றி

குளக்கட்டு:
ஆளுக்கொரு பாத்திரமாகி பகடை உருட்டிக் கதை கட்டுற எங்கட ஞாயிற்றுக்கிழமை டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (டி அன்ட் டி) விளையாட்டை முழுசா டிஸ்கோர்டுக்கும் (குரலில கதைக்கிற ஆப்) ரோல்20க்கும் (பகடையும் மப்பும் இருக்கிற ஒன்லைன் மேசை) கொண்டுபோவம் எண்டு ஒராள் குரூப்பில போட்டிருக்கு, கனபேர் கைகாட்டியும் இருக்கினம். நான் ஓமெண்டமாட்டன். கிளிநொச்சியில எல்லாரும் ஒண்டா இருந்து பகடை உருட்டுறதுக்குத்தான் நான் டிஎம் (கதையை நடத்துறவர்) வேலை பார்க்கிறது. ஸ்கிரீனில எல்லாரும் மைக்கை மியூட் பண்ணிப்போட்டு இருப்பாங்கள், நான் இஞ்ச தொண்டை கிழியக் கதை சொல்ல அங்கால ஒருத்தன் வேற கேம் அடிச்சுக்கொண்டிருப்பான், எனக்கெங்க தெரியப்போகுது?

மல்லாவிப்பிள்ளை:
அண்ணை, மேசை நல்லதுதான், ஆனா அது கிளிநொச்சியிலயெல்லோ கிடக்கு. நான் மல்லாவியில இருந்து மாங்குளம் வந்து, ஏ9இல பஸ் மாறி வரவேணும். நாலு மணிக்குத் தொடங்கி "இன்னும் ஒரு சண்டை, கடைசிச் சண்டை" எண்டு ஏழு மணியாக்கிறது ஆர்? நீங்கள்தானே. பிறகு திரும்பி வர பஸ்ஸும் இல்லை. "உந்த இருட்டுக்க பகடை உருட்டவோ போறாய்" எண்டு அம்மா கேட்டா நான் என்னத்தைச் சொல்ல. பொம்பிளைப்பிள்ளையள் ஏன் வாறேல்லை எண்டு கவலைப்பட்டியள், காரணம் இதுதான்.

இருபதுமுகம்:
தங்கச்சி சொல்லுறது நூறு வீதம் சரி. ஒட்டுசுட்டான் றோட்டால இரவில மோட்டச்சைக்கிளில வாறவனிட்ட யானையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. அதோட பகடை. நாலுமுகம், எட்டுமுகம், பன்னிரண்டுமுகம், இருபதுமுகம் எல்லாம் இஞ்ச எந்தக் கடையில விக்குது? வெளிநாட்டால ஆரும் கொண்டுவந்தாத்தான் உண்டு. ஒன்லைனில அது சும்மா கிடைக்குது.

குளக்கட்டு:
சும்மாவோ? 1974இல கைகாக்ஸும் ஆர்னஸனும் இந்த விளையாட்டை உருவாக்கி வெளிவிடேக்க தாளும் பென்சிலும் பகடையும் காணும். இப்ப பாருங்கோ, விதிப்புத்தகங்களை ஒன்லைனில விக்கிற டி அன்ட் டி பியொன்ட் தளத்தை, விளையாட்டின்ர சொந்தக்காரக் கொம்பனி ஹாஸ்ப்ரோ 2022இல 146.3 மில்லியன் டொலருக்கு வாங்கினது, எங்களில இருக்கிற பாசத்திலயே? 2023 ஜனவரியில மற்றவை இந்த விதியளைப் பாவிக்கிற லைசென்ஸை மாத்தப் பார்த்து, உலகம் முழுக்கச் சனம் கொதிச்ச பிறகுதான் அடிப்படை விதியளை ஆரும் பாவிக்கலாம் எண்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் லைசென்ஸில விட்டவை. அதை பிரிண்ட் எடுத்து வைச்சா ஒருத்தனும் எங்களிட்ட இருந்து பறிக்கேலாது. தளத்தில காசு குடுத்து வாங்கின புத்தகம், தளம் மூடினா அதோட சரி. கரண்டையும் மறந்துபோனியளோ? 2022இல ஒரு கட்டத்தில நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்கள், லாம்பைக் கொளுத்திவைச்சு விளையாடலாம், ரோல்20ஐ லாம்பில ஓட்டேலுமோ?

இருபதுமுகம்:
அதே 2022இலதான் பெற்றோலுக்கு கியூஆர் கோட்டோட வரிசையில நிண்டது. மேசைக்கு ஆர் வந்தவை?

பனிநாட்டு வன்னியன்:
நான் கனடா ஸ்காபரோவில இருந்து எழுதுறன். உங்கட ஞாயிறு நாலு மணி எனக்கு கோடையில விடிய ஆறரை, பனிக்காலத்தில ஐஞ்சரை, எண்டாலும் ஒன்லைன் எண்டால் எழும்பி வருவன். இஞ்ச இங்கிலிஷில விளையாடுற மேசையள் தாராளம் கிடக்கு, ஆனா முறிகண்டியில நிப்பாட்டித் தேங்காய் உடைக்காமல் போன வண்டில்காரர் காட்டுக்க வழிதவறீட்டினம் எண்டு கதையைத் தொடங்கினா இஞ்ச ஒருத்தருக்கும் நெஞ்சு திக்கெண்டாது, முதல் அரை மணித்தியாலம் பிள்ளையாரை விளங்கப்படுத்தவேணும். உங்களுக்கு ஒரு வசனம் காணும். எனக்கு அந்தக் கூட்டம்தான் வேணும், அது மேசையில இருந்தா என்ன வயரில இருந்தா என்ன.

குளக்கட்டு:
தம்பி, நீ வாறது எனக்கும் விருப்பம். ஆனா ஸ்கிரீன் கதையை என்ன செய்யுது எண்டதையும் கேள். 1803இல பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சதை வைச்சு நான் நடத்துற கதை தெரியும்தானே. ஒருக்கா ஒன்லைனில கோட்டை மப் ஒண்டைக் கீறிப் போட்டன், அண்டைக்கு ஒருத்தரும் வாய் திறந்து கேள்வி கேக்கேல்லை. ஒரு கட்டம் அஞ்சு அடி, ஆறு கட்டம் நகரலாம், இவன் இஞ்ச, அவன் அங்க எண்டு கட்டம் எண்ணிக்கொண்டே இருந்தாங்கள். மேசையில வாயாலதான் சொன்னனான், அப்ப "அண்ணை மதிலில கொடி படர்ந்திருக்கோ, காவல்காரன் நித்திரையோ, கடல் பக்கத்தால வள்ளம் விடலாமோ" எண்டு நாலுபேரும் ஒரேயடியாக் கத்தினாங்கள், அரைவாசிக் கோட்டையை அவங்கள்தான் கட்டினது! டிஸ்கோர்டில ரெண்டுபேர் ஒண்டாக் கதைச்சா ரெண்டுபேரையும் விளங்காது. ஆளுக்காள் "நீ சொல்லு, இல்லை நீ சொல்லு" எண்டு கல்யாணவீட்டுச் சம்பந்தியள் மாதிரி மரியாதை.

இருபதுமுகம்:
மப் போட்டது நீங்கள் அண்ணை, ஸ்கிரீன் போடேல்லை. குரலை மட்டும் வைச்சு நடத்துங்கோ, டேட்டாவும் குறைவு. உந்த மப்பை போனில விரலால இழுத்து விளையாடுறது நரகம் எண்டதை நான் ஒத்துக்கொள்ளுறன், எங்களில அரைவாசிப்பேரிட்ட போன் மட்டும்தான் இருக்கு. ரோல்20 மாதிரி இன்னொரு ஒன்லைன் மேசையான பவுண்ட்ரியும் சரிவராது. நடத்துறவர் ஒராள் ஒருக்கா வாங்கினாக் காணும் எண்டது உண்மை, ஆனா உங்கட லாப்டொப்பிலயே அதை ஓடவிட்டால் எல்லாரும் உங்கட லைனிலதான் தொங்கவேணும்.

மல்லாவிப்பிள்ளை:
இன்னொண்டு. ஒன்லைனில நான் உங்களுக்கு மட்டும் ரகசியமா எழுதலாம். கதையில என்ர கள்ளிப் பாத்திரம் கூட்டாளியளின்ர மடியில இருந்தே மோதிரம் அடிச்சது இண்டைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது (இப்ப தெரிஞ்சிருக்கும், பரவாயில்லை). மேசையில ஒரு துண்டு எழுதி நீட்டினாலே எல்லாற்ற கண்ணும் என்னிலதான். சபையில வாய் திறக்கக் கூச்சப்படுற ஆக்களுக்கு இது பெரிய உதவி. சத்தமாக் கதைக்கிற ஆக்களுக்கு மேசை நல்லாத்தான் இருக்கும்.

பனிநாட்டு வன்னியன்:
எந்த மோதிரம்?? என்ர மோதிரமோ???

குளக்கட்டு:
சரி, கூச்சம் எண்டதை நான் யோசிக்கேல்லை, அது நியாயம். அப்ப பாதிப்பேர் மேசையில, மற்றவை லாப்டொப்பில எண்டு வைப்பமோ?

இருபதுமுகம்:
ஐயோ, அது எல்லாத்திலயும் மோசம். மேசையில இருக்கிறவை சிரிப்பினம், ஸ்கிரீனில இருக்கிறவன் "என்ன, என்ன" எண்டு கேட்டுக்கொண்டே இருப்பான், கடைசியில சுவரில மாட்டின படம்தான். ஒண்டில் எல்லாரும் மேசை, இல்லாட்டி எல்லாரும் ஒன்லைன்.

குளக்கட்டு:
அப்ப இப்பிடிச் செய்வம். 1803 கதை குரலில மட்டும், மப் இல்லை, கனடாத் தம்பியும் வரட்டும். மாசத்தில ஒரு ஞாயிறு வேற கதை ஒண்டு மேசையில, கிளிநொச்சியில இல்லை மாங்குளத்தில, காலமை பத்துமணிக்குத் தொடங்கி ரெண்டுக்கு முடிப்பன், சத்தியமா.

மல்லாவிப்பிள்ளை:
மாங்குளம் எண்டால் வருவன். ரெண்டுமணிச் சத்தியத்தை நான் நம்பேல்லை, அலாரம் வைச்சுக்கொண்டுதான் வருவன். ஃபான் இருக்கிற இடமாப் பாருங்கோ.

பனிநாட்டு வன்னியன்:
முதல் என்ர மோதிரத்துக்கு ஒரு முடிவு சொல்லுங்கோ.