விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) கொடுக்கிறார்கள், வேலையும் பிடிக்கவில்லை. எழுதிக் கொடுத்துவிடலாமா?

பெரியபட்டினத்தான் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் 17 வருடமாக இருக்கிறேன், வயது 43. சேர்ந்தது தரம் பார்க்கும் வேலைக்கு. நண்டும் கணவாயும் வந்து இறங்கினால் சூடு ஏறியிருக்கிறதா, ஐஸ் போதுமா, சதை நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து எடுப்பது. அது எனக்குப் பிடித்த வேலை. நிர்வாகம் கை மாறியதும் என்னை ஷெட்டுக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். நண்டு உடைத்துச் சதை எடுக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. எடையில் கழிவு போடு, பத்து நிமிடம் பிந்தி வந்தால் திருப்பி அனுப்பு என்று மேலே இருப்பவர்கள் சொல்வதை நான்தான் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாதிப் பேர் எங்கள் ஊர், பக்கத்து ஊர். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். காலையில் பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது.

இப்போது ஏற்றுமதி குறைந்துவிட்டது என்று விஆர்எஸ் அறிவித்திருக்கிறார்கள். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 45 நாள் சம்பளம், அதோடு கிராஜுவிட்டி (பணிக்கொடை), மிச்ச லீவுக்குப் பணம். பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து எனக்கு மாதம் 24,000. மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, மகன் எட்டாம் வகுப்பு, அம்மா எங்களோடு இருக்கிறார். வீடு சொந்தம், நகைக்கடன் மட்டும் இருக்கிறது. மனைவி மகளிர் குழுவில் இருக்கிறார், நிலையான வருமானம் கிடையாது. மச்சான் விசைப்படகில் பங்கு போடச் சொல்கிறார். மனைவி கடல்பாசி வளர்க்கலாம் என்கிறார். எனக்கு வெளியே வந்தால் போதும் என்று இருக்கிறது. ஆனால் அந்த எண்ணத்தை நம்பிக் கையெழுத்துப் போடலாமா என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராம்நாடு சம்பளப்பட்டியல்:

அண்ணே, நான் சம்பளக் கணக்குப் போடுகிற வேலையில் இருக்கிறேன், அதனால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். வருடத்துக்கு ஒன்றரை மாதம் என்றால் 17 வருடத்துக்கு 25.5 மாதச் சம்பளம், 6,12,000 ரூபாய். கிராஜுவிட்டி சட்டப்படி வருடத்துக்கு 15 நாள், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும், சுமார் 2,35,000 வரும். இந்த இரண்டாவது தொகை நீங்கள் சாதாரணமாக ராஜினாமா செய்தாலும் உங்களுடையது. கம்பெனி ஏதோ தன் கையிலிருந்து கூடுதலாகத் தருவது போல "8 லட்சத்துக்கு மேல்" என்று பேசுவார்கள். விஆர்எஸ்ஸுக்காகத் தருவது 6,12,000 மட்டும்தான், அதை மனதில் வைத்து யோசியுங்கள்.

வரியைப் பற்றிப் பயம் வேண்டாம். விஆர்எஸ் தொகையில் 5 லட்சம் வரை விலக்கு உண்டு, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. மிச்சம் அந்த வருடச் சம்பளத்தோடு சேரும், உங்கள் வருமானத்துக்குப் புதிய வரிமுறையில் வரி கட்டும் நிலை வராது. ஆனால் இந்த விலக்குக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 10 வருட சர்வீஸ் அல்லது 40 வயது முடிந்திருக்க வேண்டும், உங்களுக்கு இரண்டுமே இருக்கிறது. உங்கள் இடத்தில் வேறு ஆள் எடுக்கக் கூடாது. அதே நிர்வாகத்தின் வேறு கம்பெனியில் உங்களைச் சேர்க்கவும் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், அவர்கள் நீட்டுகிற தாளில் "சொந்தக் காரணங்களால் ராஜினாமா செய்கிறேன்" என்று இருந்தால் கையெழுத்தே போடாதீர்கள். இன்ன தேதியிட்ட விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கிறேன் என்றுதான் இருக்க வேண்டும், தொகையும் பணம் வரும் தேதியும் அவர்கள் தரும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வேண்டாம் என்று சொல்லி உள்ளேயே இருந்து, ஆறு மாதம் கழித்து அவர்களே ஆட்குறைப்பு செய்தால்? தொழிலாளி என்றால் சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு உண்டு. ஆனால் மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 18,000க்கு மேல் வாங்குகிறவரைச் சட்டம் தொழிலாளியாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு அநேகமாகக் கிடையாது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் எத்தனை மாதம் என்று இருக்கிறதோ அவ்வளவுதான். இருப்பதும் ஆபத்தில்லாத வழி என்று நினைக்க வேண்டாம்.

தங்கச்சிமடம் கடற்கரை:

தம்பி, படகுப் பங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் படகு இருக்கிறது. உங்கள் மச்சான் நல்ல எண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் இந்தப் பணத்தை அதில் போடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அந்த மாதங்களில்தான் எஞ்சின் வேலை, மரவேலை, பெயிண்ட் என்று பங்குதாரரிடம் காசு கேட்பார்கள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அதிலும் காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கிடையாது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன ஆட்களுக்காக ஸ்ட்ரைக் என்றால் கடலுக்கே போக முடியாது. படகை இலங்கையில் பிடித்துவிட்டால் ஆட்கள் திரும்பி வந்தாலும் படகு வருவது அபூர்வம். அங்கே கரையில் கிடந்து மட்கிப்போன படகுகள் எத்தனை என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடலுக்குப் போகிறவன் இதையெல்லாம் தாங்குவான், அது அவன் பிழைப்பு. பங்கு போட்டுவிட்டுக் கரையில் நிற்கிறவருக்கு டீசல் கணக்கும் ஐஸ் கணக்கும் மட்டும்தான் வந்துகொண்டிருக்கும்.

வேதாளை அக்கா:

உங்கள் மனைவி சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள் தம்பி, ஆனால் குடும்பத்துக்கே அதுதான் சோறு என்றும் வைக்காதீர்கள். 12க்கு 12 அடி மூங்கில் மிதவை, விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுக்கலாம். கேட்கச் சுலபமாக இருக்கும். வாடை தொடங்கினால் எங்கள் பக்கம் மிதவை நிற்காது, மூங்கில் உடைந்து கரையில் ஒதுங்கும். கோடையில் தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து அழுகும், விதைக்கே ஆளாளுக்கு அலைவோம். ஓரா மீன் கூட்டமாக வந்தால் கொழுந்தைக் கடித்துவிடும், அதனால் கீழே வலை கட்ட வேண்டும். பணம் வரும் மாதமும் உண்டு, ஒன்றுமே வராத மாதமும் உண்டு.

மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா என்ற மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம், பொதுப்பிரிவு ஆண்களுக்கு 40. அதனால் செய்தால் மனைவி பெயரில், குழுவோடு சேர்ந்து செய்யுங்கள். பெரும்பாலும் முதலில் நாம் செலவு செய்து, பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய்ப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும்போதே அவர் நாலைந்து மிதவையோடு ஒரு பருவம் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இப்போது தேதி நெருக்குகிறது.

தொண்டிக்காரி:

எல்லாரும் பணத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மா நண்டு ஷெட்டில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கோடுகள், உப்புத் தண்ணீரில் எரியும். எடையில் கழிவு போட்ட நாளில் வீட்டுக்கு வந்து பேசவே மாட்டார். அந்தக் கழிவை வாய் திறந்து சொல்வதற்கு ஒருவர் இப்படித் தவிக்கிறார் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது அண்ணே, நிஜமாகச் சொல்கிறேன்.

"பிடிக்காத வேலைதான் எல்லாரும் பார்க்கிறோம், குடும்பத்துக்காகப் பொறுத்துக்கொள்" என்று உங்களுக்கு நிறையப் பேர் சொல்வார்கள். உங்களுக்கு வேலை பிடிக்காமல் இல்லை. மீனையும் நண்டையும் பார்த்துத் தரம் சொல்வது இன்றைக்கும் பிடிக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. பிடிக்காதது நீங்கள் நியாயம் என்று நினைக்காத ஒன்றைத் தினமும் செய்ய வைப்பது. இன்னும் 15 வருடம் அதைச் செய்தால் உங்களுக்குப் பழகிவிடும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் போனால் இதைவிட மோசமான ஆள் வருவானே என்ற நினைப்பும் உங்களுக்கு இருக்கலாம். அந்தப் பாரத்தை நீங்கள் ஒருவரே சுமக்க முடியாது. என் கருத்து, வெளியே வாருங்கள். ஆனால் தொழில் தொடங்க வராதீர்கள், இன்னொரு கம்பெனியில் பழைய தரம் பார்க்கும் வேலைக்கு வாருங்கள். 17 வருட அனுபவம் உள்ளவர் தூத்துக்குடியில் கேட்டுப் பார்க்காமல் ஏன் படகுக்கும் பாசிக்கும் போக வேண்டும்?

கீழக்கரை காக்கா:

தங்கச்சி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எங்கள் ஊரில் கையில் மொத்தமாகப் பணம் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், துபாயில் கணக்கு முடித்து வருகிறவர்கள். பணம் வந்த செய்தி பணத்துக்கு முன்னே ஊருக்கு வந்துவிடும். கடன் கேட்பார்கள், கூட்டு கேட்பார்கள், மனை காட்டுவார்கள். முதல் வேலையாக நகையை மீட்டுவிடுங்கள், அந்த வட்டி நின்றாலே மாதம் கொஞ்சம் மூச்சு விடலாம். மகள் கல்லூரிக்கு ஒரு தொகையைத் தனியாக வையுங்கள். ஒரு வருட வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். மிச்சத்தை வைத்து வட்டியில் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம் என்று வைத்தாலும் 5 லட்சத்துக்கு மாதம் 3,080 ரூபாய்தான் வரும். வேறு சம்பளம் வேண்டும், அதில் மாற்றமில்லை. அதனால் எழுதிக் கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்று இடத்திலாவது பேசிவிடுங்கள்.

பெரியபட்டினத்தான்:

எல்லாருக்கும் மிகவும் நன்றி. தொண்டித் தங்கச்சி எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே, படகு வேண்டாம், பாசியை நான் குழுவோடு பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வேலை தேடுங்கள் என்றார். தூத்துக்குடியில் என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் இருக்கிறார், பேசினேன், தரம் பார்க்க ஆள் தேவைப்படும் என்கிறார், சம்பளம் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். வாரம் ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். அம்மாவை நினைத்தால்தான் யோசனை. காக்கா சொன்னபடி இன்னும் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு, திட்டத்தின் நகலையும் வாங்கிப் படித்துவிட்டுத்தான் எழுதிக் கொடுப்பேன். பிஎஃப் பென்ஷன் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே?

ராம்நாடு சம்பளப்பட்டியல்:

விட்டுவிட்டேன் அண்ணே. 10 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் உங்களுக்கு 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. 50 வயதிலேயே கேட்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள். புதிய கம்பெனியில் சேர்ந்தால் அதே யுஏஎன் எண்ணை (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) கொடுங்கள், சர்வீஸ் தொடரும். வேலை இல்லாமல் இருந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் (பென்ஷனுக்கான சர்வீஸைக் காட்டும் சான்றிதழ்) வாங்கி வையுங்கள்.

அதைவிட அவசரமானது பெயர். பிஎஃப்பில் இனிஷியலோடும் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் பணம் எடுக்கும்போது நிறுத்திவிடுவார்கள், நம் ஊர் ஆட்கள் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை இருக்கிறது. பல திருத்தங்களுக்கு கம்பெனியின் ஒப்புதல் வேண்டும், வெளியே வந்த பிறகு அவர்கள் பின்னால் அலைய வேண்டியிருக்கும். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நாமினி எல்லாவற்றையும் நாளைக்கே ஆன்லைனில் பாருங்கள். கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீட்டில் அம்மா இருந்தால், வேலையை விடும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், விட்ட பிறகு புதிதாக எடுத்தால் பழைய நோய்களுக்குக் காத்திருக்கச் சொல்வார்கள்.