பழைய 450 வகை ஹெலிகாப்டர்: முதன்முறை இயக்கும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: கிணத்துக்கடவு வாசி

அனைவருக்கும் வணக்கம். மாதிரி விமானங்கள் ஓட்டும் ஒருவரிடமிருந்து 450 வகையைச் (450 என்பது அளவைக் குறிக்கும் எண்) சேர்ந்த, டிரான்ஸ்மிட்டரால் இயக்கும் மின்சார மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றைச் சென்ற வாரம் வாங்கினேன். பிளேடு ஒவ்வொன்றும் 325 மில்லிமீட்டர் நீளம். ஃபிளைபார் (பிளேடுகளோடு சுழன்று நிலைப்படுத்தும் தண்டு) கிடையாது, அதற்குப் பதிலாக, சாய்வதையும் திரும்புவதையும் உணர்ந்து தானே திருத்தும் மூன்று அச்சு ஜைரோ பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. 3 செல், 2,200 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் இரண்டும் உடன் கிடைத்தன. டிரான்ஸ்மிட்டர் மட்டும் என்னுடையது. சிறிய குவாட்காப்டர் ஓட்டிய பழக்கம் உண்டு. ஹெலிகாப்டர் எனக்கு இதுவே முதல்.

விற்றவர், "எல்லாம் செட் செய்துதான் இருக்கிறது, பேட்டரியைச் செருகினால் பறக்கும்" என்று சொன்னார். அதை அப்படியே நம்பி இயக்கலாமா, அல்லது முதலிலிருந்து எல்லாவற்றையும் நானே அமைக்க வேண்டுமா? வீட்டுக்கு அருகில் ஒரு பள்ளி மைதானம் இருக்கிறது. மாலையில் அதன் ஒரு பாதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், மறுபாதி காலியாகவே கிடக்கும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனும் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: சுழலி

நண்பருக்கு வணக்கம். விற்றவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவருடைய டிரான்ஸ்மிட்டரில், அவர் கடைசியாகப் பறக்கவிட்ட நாளில் சரியாக இருந்தது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. உங்கள் டிரான்ஸ்மிட்டரோடு இணைத்துவிட்டால் அது செட் செய்யப்படாத ஹெலிகாப்டர்தான். ஆகவே முதலிலிருந்தே தொடங்குங்கள்.

மோட்டாருக்கும் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்கும் இடையிலுள்ள மூன்று கம்பிகளையும் முதலில் கழற்றிவிடுங்கள். மேசை வேலை முடியும்வரை அவை கழன்றே இருக்கட்டும். ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள பொருள்தானே என்று எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 2,200 சுற்று என்ற நிதானமான வேகத்தில்கூட உங்கள் பிளேடின் நுனி மணிக்கு 290 கிலோமீட்டர் அளவில் செல்லும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பூங்காவில், இதைவிடப் பெரிய மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த அனுபவமிக்க இளைஞர் ஒருவர், தம் ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார். அளவு சிறியதானாலும் விரலையோ கண்ணையோ காயப்படுத்தும் வலு உங்கள் ஹெலிகாப்டருக்கும் உண்டு.

அடுத்ததாக, பழைய விபத்தின் தடயங்களைத் தேடுங்கள். பிளேடுகளைத் தாங்கும் ஃபெதரிங் ஷாஃப்டை வெளியே எடுத்து ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். எங்காவது அடியில் வெளிச்சம் தெரிந்தால் அது வளைந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். மெயின் ஷாஃப்டையும் அப்படியே பாருங்கள். பெரிய பல்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு பல்லையும் கண்ணால் பாருங்கள். உலோகத்துக்குள் உலோகமாக இறங்கும் திருகுகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி இட்டு மீண்டும் முடுக்குங்கள். பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளுக்கு அது கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும். பிளேடு போல்ட்டுகளைப் பொறுத்தவரை, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தொங்கக் கூடாது. சற்று வலுவாக உலுக்கினால் மட்டும் அசைய வேண்டும்.

பிறகுதான் செட்டிங். டிரான்ஸ்மிட்டரில் புதிய மாடல் ஒன்றைத் திறந்து, டிரிம், சப்-டிரிம் எனும் நுண்திருத்தங்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். பிளேடுகளின் கோணத்தை மாற்றும் தகடான ஸ்வாஷ் பிளேட்டை அசைக்கும் மூன்று சர்வோக்களையும் (சிறு மோட்டார்கள்) கலக்கும் வேலையை ஜைரோ பெட்டியே செய்வதால், டிரான்ஸ்மிட்டரின் ஸ்வாஷ் வகை சாதாரண ஒற்றைச் சர்வோ முறையில் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கலந்தால் எதுவும் நேராகாது. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ கைகள் இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாகவும், ஸ்வாஷ் பிளேட் மட்டமாகவும், பிளேடின் பிட்ச் (சாய்கோணம்) 0 பாகையாகவும் இருக்க வேண்டும். சர்வோ கையை ஒரு பல் தள்ளி மாட்டியும் சரியாகாத சிறு வித்தியாசத்தை மட்டும் ஜைரோ பெட்டியின் அமைப்பில் திருத்துங்கள். கற்கும் காலத்தில் பிட்ச் கீழே -3, மேலே +9 பாகை போதும்; ஹோவர் (ஒரே இடத்தில் மிதந்து நிற்பது) +5 அளவில் அமையும்.

மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டு சுவிட்சை, பிடியை மாற்றாமலே விரல் எட்டும் இடத்தில் வையுங்கள். ஃபெயில்சேஃப் (சிக்னல் அறுந்தால் செயல்படும் பாதுகாப்பு) அமைத்தபின், டிரான்ஸ்மிட்டரை அணைத்து, ரிசீவர் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஹெலிகாப்டரைக் கையில் தூக்கி மூக்கை முன்புறம் சாயுங்கள்: ஸ்வாஷ் பிளேட் பின்புறமாகச் சாய்ந்து, தரைக்கு மட்டமாக நிற்க முயல வேண்டும். வலப்புறம் சாய்த்தால் அது இடப்புறம் எதிர்க்க வேண்டும். மூக்கைச் சட்டென்று இடப்புறம் திருப்பினால், நீங்கள் வலது ரடர் (மூக்கை வலப்புறம் திருப்பும் கட்டளை) கொடுக்கும்போது டெயில் சர்வோ எந்தப் பக்கம் நகருமோ அதே பக்கம் நகர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலும், தரையை விட்டு எழும் நொடியிலேயே ஹெலிகாப்டர் தானே கவிழும், அல்லது தட்டாமாலை சுற்றும். எவ்வளவு திறமையான கையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இந்தச் சோதனையின் முடிவை இங்கே எழுதுங்கள். அதன்பின் மோட்டாரை இணைப்பது பற்றிப் பேசலாம்.

கிணத்துக்கடவு வாசி

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ஃபெதரிங் ஷாஃப்ட் கண்ணாடியில் உருட்டும்போது லேசாகத் துள்ளுகிறது. புதியது வாங்கச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கை அசைத்தால் ஸ்வாஷ் பிளேட்டும் டெயிலும் சரியான பக்கமே நகர்கின்றன. ஜைரோ சோதனையில் மட்டும் குழப்பம். முன்னும் பின்னும் சாய்த்தால் நீங்கள் சொன்னபடியே எதிர்க்கிறது. ஆனால் வலப்புறம் சாய்த்தால் ஸ்வாஷ் பிளேட்டும் வலப்புறமே சாய்கிறது. டெயிலும் எதிர்ப்பக்கம் நகர்கிறது. இந்த இரண்டின் திசையையும் அமைப்பில் மாற்றிவிட்டால் போதுமா?

சுழலி

மாற்றுவதற்கு முன், ஜைரோ பெட்டி எந்த நிலையில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்டி தலைகீழாகவோ முன்பின்னாகவோ 180 பாகை மாறிப் பொருத்தப்பட்டால், மூன்று அச்சுகளில் சரியாக இரண்டு தலைகீழாகும், எப்போதும் இரண்டுதான். ஒன்று மட்டும் தவறாக இருந்தால் அதற்குக் காரணம் பொருத்திய நிலை அன்று, அந்த அச்சின் திசை அமைப்பு. உங்களுக்கு முன்பின் சாய்வு சரியாகவும், பக்கச் சாய்வும் டெயிலும் தவறாகவும் இருப்பதால், பெட்டி முன்பின்னாகப் புரட்டப்பட்டு, பெயர்ப்பட்டை அடிப்புறம் பார்க்க ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சட்டத்தின் அடியில் இடம் தேடி ஒட்டுபவர்கள் பலர் இப்படிச் செய்வதுண்டு. அதில் தவறில்லை, பெட்டியின் அமைப்பில் அந்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். அமைப்புகளை ஒருமுறை தொடக்க நிலைக்கு மாற்றியிருந்தாலோ மென்பொருளைப் புதுப்பித்திருந்தாலோ அந்தத் தேர்வு அழிந்திருக்கும்.

பொருத்திய நிலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் ஒருசேரத் திருந்திவிடும். திருத்தியபின் மூன்று அச்சுகளையும் மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனையை இனி ஒவ்வொரு நாளும் முதல் பேட்டரியைச் செருகியவுடன் செய்யும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பதில்: மேட்டுக்காடு

மேசை வேலையைச் சுழலி முழுமையாகச் சொல்லிவிட்டார். மைதானத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

பள்ளி மைதானத்தின் பாதி வேண்டாம். மறுபாதியில் பையன்கள் ஆடும்போது பந்து எங்கு வரும், அதன் பின்னால் யார் ஓடி வருவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத, மின்கம்பிகள் கடக்காத, புல் குட்டையாக உள்ள தரிசு நிலம் ஒன்றை, உரிமையாளரின் அனுமதியோடு பயன்படுத்துங்கள். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த நிறத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் உள்ள மாவட்டத்தில் இதைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது.

நம் பகுதியில் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பிற்பகலில் 450 வகை ஹெலிகாப்டரைத் தூக்கி எறியும். அந்த மாதங்களில் விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பறக்கவிட்டுவிட வேண்டும்.

குவாட்காப்டர் பழக்கத்தால் இரண்டு ஆபத்துகள் உண்டு. முதலாவது, ஸ்டிக்கை விட்டுவிட்டால் குவாட் தானே மட்டமாகும். உங்கள் ஜைரோ பெட்டியில் அதற்கென்று தனி வசதி இல்லாவிட்டால், ஹெலிகாப்டர் சாய்ந்த நிலையிலேயே தொடர்ந்து போகும், நீங்கள்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. பதற்றத்தில் இடது ஸ்டிக்கை ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தால் குவாட் விழும், அவ்வளவுதான். ஹெலிகாப்டரிலோ பிட்ச் பூஜ்யத்துக்கும் கீழே போய், பிளேடுகள் இயந்திரத்தைத் தரையில் அழுத்தி மோதவைக்கும், வளைந்த பிளேடு டெயில் பூமையும் (வால் குழாயையும்) வெட்டும். ஆகவே நிலை தவறினால் விரல் த்ராட்டில் ஹோல்டுக்குப் போக வேண்டும், ஸ்டிக் நடுவிலேயே நிற்க வேண்டும். இந்த அசைவு கைக்குப் பழகும்வரை கணினியில் சிமுலேட்டரில், உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரை இணைத்தே பயிற்சி செய்யுங்கள். ரியல்ஃபிளைட், ஹெலி-எக்ஸ் போன்றவை இதற்குப் போதும். ஹெலிகாப்டரின் வாலைப் பார்த்தபடி ஒரே இடத்தில் நிறுத்திவைக்கத் தெரிந்த பிறகு தரிசு நிலத்துக்கு வாருங்கள்.

முதல் ஹோவருக்கு, குறுக்கே இரண்டு கம்பிகளும் நுனிகளில் பந்துகளும் உள்ள பயிற்சிக் காலைக் கட்டிக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரை வைத்துவிட்டு, அதன் பின்புறமாக குறைந்தது எட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பிளேடுகள் முழு வேகத்துக்கு வரும்வரை பிட்ச் கொடுக்க வேண்டாம். சுழலத் தொடங்கியதும் பக்கவாட்டிலிருந்து பிளேடு நுனிகளைப் பார்த்தால், இரண்டும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். இரண்டு கோடுகளாகத் தெரிந்தால் இறக்கி, நிறுத்தி, ஒரு பிளேடின் இணைப்புக் கம்பியை அரைச் சுற்று திருத்துங்கள்.

தரையிலிருந்து எழும் தருணத்தில் பலரும் தவறுகிறார்கள். கால்கள் தரையில் உரசியும் உரசாமலும் இருக்கும் நிலையில் ஜைரோ பெட்டி தன் திருத்தங்களைச் சேர்த்துக்கொண்டே போகும். ஸ்வாஷ் பிளேட் ஒரு பக்கம் சாய்வதைக் கண்டு நீங்களும் ஸ்டிக்கால் எதிர்த்தால், ஒரு கால் தரையில் மாட்டி அப்படியே கவிழும். தயங்காமல், ஆனால் நிதானமாக, இடுப்புயரத்துக்கு எழுப்பிவிடுங்கள். பிளேடுகளின் விட்டத்தைவிடத் தாழ்வான உயரத்தில், தன் காற்றே தரையில் மோதித் திரும்பி வருவதால், ஹெலிகாப்டர் அலைபாயும்; அதற்கு மேலே அமைதியாகும்.

எழுந்ததும் இடப்புறமாக நகர்ந்தால் பயப்பட வேண்டாம். மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் பிளேடுகள் உடலை இடஞ்சுழியாகத் திருப்ப முயலும். அதைத் தடுக்க வால் விசிறி வாலை இடப்புறம் தள்ளும். அந்தத் தள்ளலே முழு ஹெலிகாப்டரையும் இடப்புறம் நகர்த்தும். சற்று வலப்புறம் சாய்ந்து நிற்பதுதான் சரியான ஹோவர். இதைச் செட்டிங் பிழை என்று எண்ணி டிரிம் போட வேண்டாம். வால் வேகமாக ஆடினால் மட்டும் இறக்கிவிட்டு டெயில் ஜைரோவின் கெயினை (திருத்தும் வலுவை) குறையுங்கள்.

தம்பிக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். அவன் உங்களுக்குப் பின்னால் நின்று, யாராவது நிலத்துக்குள் வருகிறார்களா என்று பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுபவரின் கண் ஹெலிகாப்டரை விட்டு நகர முடியாது என்பதால் அந்தக் குரல் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும். பிளேடுகள் முழுவதும் நிற்கும்வரை அவனும் சரி, நீங்களும் சரி, அருகில் போகக் கூடாது.

பதில்: மூன்று செல்

பேட்டரி பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். பழைய லிப்போ எதுவாயினும், உப்பியிருந்தால் பயன்படுத்த வேண்டாம். செல் மூன்றும் 4.2 வோல்ட்டில் ஒன்றுபோல நிறைகின்றனவா என்று பேலன்ஸ் சார்ஜரில் பாருங்கள். 2.2 ஆம்பியருக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள்.

பறக்கும் நேரத்தை ஊகிக்காமல் அளந்துகொள்ளுங்கள். முதல்முறை மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டு, மீண்டும் சார்ஜ் செய்யும்போது எத்தனை எம்.ஏ.எச். உள்ளே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 800 போனால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 270. கொள்ளளவில் 80 விழுக்காடு, அதாவது 1,760 வரைதான் செலவழிக்கலாம் என்பதால், டிரான்ஸ்மிட்டர் டைமரை ஆறு நிமிடத்தில் வையுங்கள். டைமரைக் கடந்து ஓட்டினால் மின்னழுத்தம் சரிந்து, இ.எஸ்.சி. மோட்டாரின் வலுவைக் குறைக்கத் தொடங்கும். அது பெரும்பாலும் ஹெலிகாப்டர் தொலைவில் இருக்கும்போதுதான் நடக்கும்.

இணைக்கும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், த்ராட்டில் ஹோல்டு போட்ட நிலையில், பிறகு பேட்டரி. கழற்றும்போது முதலில் பேட்டரி. கீழே விழுந்த பேட்டரியை உடனே காருக்குள் வைக்காமல், அரை மணி நேரமாவது வெட்டவெளியில் மண்மேல் வைத்துக் கவனியுங்கள். அடுத்த சில நாட்களுக்குப் பறக்கவிடப் போவதில்லை என்றால், ஒவ்வொரு செல்லும் 3.8 வோல்ட்டில் நிற்கும்படி சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் விட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.