புதுப்பிப்பு: உப்பளத் தொட்டிச் சமன்பாட்டில் ஒரு திருத்தம்

வாலிநோக்கம் உப்பளத் தொட்டிக்கு முன்பு கொடுத்த மாதிரி: ம‴ + ம″ + 2ம′ + ம³ = 0. இதில் ‘ம’ நீர்மட்ட விலகல்; அதன் மேலுள்ள கோடுகள் நேரத்தைப் பொறுத்த வகைக்கெழுக்கள். அது அடுக்குக்குறி வேகத்தில் (சம நேரத்துக்குச் சம விகிதமாகக் குறைந்து) அடங்கும் என்று எழுதியது தவறு.

நேரியல் பகுதியில் (ம³ நீங்கலாக) ஒரு மூலம் பூஜ்யம். அதனால் ரௌத்–ஹர்விட்ஸ் சோதனை (கெழுக்களை வைத்தே நிலைத்தன்மையைப் பார்க்கும் முறை) இங்கே முடிவு சொல்லாது. பூஜ்யத்தருகே 2ம′ ≈ −ம³ என்பதால் விலகல் 1/√நேரம் போலத்தான் குறையும்: 0.1-க்கு இறங்கச் சுமார் 100 அலகு நேரம், 0.01-க்கு 10,000!

லியாபுனோவ் சார்பு (ஆற்றல் போன்றது; குறைந்துகொண்டே போனால் நிலைத்தன்மையைக் காட்டும்): ம⁴/4 + ம³ம′ + ம′² + (ம″ + ம′)²/2. அதன் வகைக்கெழு −(2 − 3ம²)ம′². ஆகவே |ம| < 0.816 வரைதான் இதை நம்பலாம். முதல் இசைய மதிப்பீட்டின்படி (அலைவை ஒற்றைச் சைன் அலையாகக் கொள்ளும் தோராயம்), வீச்சு ஏறக்குறைய 1.63-ஐத் தாண்டினால் அலைவு பெருகும்.

0.5ம என்ற உறுப்பைச் சேர்த்தால் அடுக்குக்குறி வேகம் கிடைக்கும். ஆனால் மேற்சொன்ன 0.816 என்ற எல்லை 0.707-ஆகச் சுருங்கும்.